நின்று பார்க்க ஒரு சாலை



ஹைவே இன்ஜினியரிங் புத்தகத்தைத் திறந்தால் முதல் பாடத்திலேயே மூன்று பேர் வந்து நிற்பார்கள்: டிரெசாகே, டெல்ஃபோர்ட், மெக்காடம். கல்லை எப்படி அடுக்குவது, தண்ணீரை எப்படி வடிப்பது என்று உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள். இவர்கள் ரோட்டின் குறுக்குவெட்டுப் படத்தை ஒழுங்காகப் போட்டால் போதும், பரீட்சையில் மார்க் நிச்சயம்! ஆனால் நான் இந்த மலரில் எழுத வந்திருப்பது அந்தப் பாடத்தில் இடம் பெறாத நாலாவது ஆளைப் பற்றி. பெயர் சாமுவேல் லங்காஸ்டர். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், கொலம்பியா நதி மலைத்தொடரை அறுத்துக்கொண்டு ஓடுகிற பள்ளத்தாக்கில் ரோடு போட்டவர்.

ரோடு எதற்கு? போய்ச் சேர்வதற்கு. யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். வழியில் நின்று பார்ப்பதற்கும் ஒரு ரோடு வேண்டும் என்று நினைத்தவர் லங்காஸ்டர். நினைத்ததோடு விடாமல் அதைச் சரிவுக் கணக்காகவும் வளைவுக் கணக்காகவும் மாற்றிக் காட்டினார். அதனால்தான் இவர் கவிஞர்கள் பட்டியலில் சேராமல் நம்ம ஆளாக, சிவில்காரராக நிற்கிறார்.

படுத்தவர் எழுந்தார்

லங்காஸ்டர் 1864-இல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தார். வளர்ந்தது டென்னசி மாநிலத்தின் ஜாக்சன் நகரில். இளம் வயதிலேயே இல்லினாய்ஸ் சென்ட்ரல் ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தார். வாழ்க்கை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் இளம்பிள்ளைவாதம் தாக்கியது. உடம்பு செயலற்றுப் படுக்கையில் விழுந்தார். சர்வே வேலை என்றால் காடு மேடெல்லாம் நடக்கணும். அந்த வேலைக்காரனுக்கே கால் போனால் எப்படி இருக்கும்? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

ஆனால் மனுஷன் சளைக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தார், நடந்தார், மறுபடி தொழிலுக்கே வந்து சேர்ந்தார். ஜாக்சன் நகரப் பொறியாளராகி, அந்த வட்டாரத்து ரோடுகளைக் கெட்டித் தளமாக்கினார். சேற்றில் வண்டி புதைந்துகொண்டிருந்த காலத்தில் அது பெரிய விஷயம். வாஷிங்டனில் இருந்த விவசாயத் துறை அமைச்சர் வரைக்கும் செய்தி போயிற்று. நாட்டின் சாலைத் துறைக்கு ஆலோசனைப் பொறியாளராக இவரை அழைத்துக்கொண்டார்கள். பிறகு மேற்குக் கரைக்குப் போனார். சியாட்டில் நகரில் 1909-இல் நடந்த பெரிய கண்காட்சியை ஒட்டி அகலச் சாலைகளைத் திட்டமிட்டார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சாலைப் பொறியியலும் நடத்தினார். ஆக, வாத்தியாராகவும் இருந்திருக்கிறார்!

சாம் ஹில் என்ற சிநேகிதர்

இந்த இடத்தில் இன்னொரு ஆளையும் சொல்லியாக வேண்டும். சாம் ஹில் என்ற பணக்காரர். நல்ல ரோடு, நல்ல ரோடு என்று ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டே இருந்தவர். பித்துப் பிடித்தவர் என்றே சொல்லலாம், நல்ல பித்து! 1908-இல் பாரிஸ் நகரில் முதல் சர்வதேச சாலை மாநாடு நடந்தது. ஹில் அதற்கு லங்காஸ்டரையும் அழைத்துப் போனார்.

மாநாட்டில் படித்த கட்டுரைகளைவிட வழியில் பார்த்தவைதான் லங்காஸ்டரை மாற்றின. ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில், செங்குத்தான சரிவுகளில் திராட்சைத் தோட்டங்களைத் தாங்கிக்கொண்டு பழைய கல் சுவர்கள் நிற்பதைப் பார்த்தார். சுவிட்சர்லாந்தில் லூசெர்ன் ஏரிக்கரையை ஒட்டிப் போகும் ஆக்ஸன் சாலையையும் பார்த்தார். அங்கே பாறையைக் குடைந்து சுரங்கம் போட்டவர்கள், ஏரிப் பக்கமாக ஜன்னல் திறந்து விட்டிருந்தார்கள். சுரங்கத்துக்கு ஜன்னல் எதற்கு? வெளிச்சம் வரட்டும் என்பதோடு, போகிறவன் ஏரியையும் பார்த்துவிட்டுப் போகட்டும் என்பதற்காகத்தான்!

ஊர் திரும்பியதும் ஹில் தன் சொந்தச் செலவில் மேரிஹில் என்ற தன் நிலத்தில் சோதனைச் சாலை போடச் சொன்னார். சுமார் 10 மைல் நீளம். லங்காஸ்டர்தான் பொறியாளர். எந்தத் தளம் எந்த மண்ணுக்குத் தாங்கும் என்று ஒவ்வொரு விதமாகப் போட்டுப் பார்த்தார்கள். நம்ம லேபில் க்யூப் போட்டு உடைத்துப் பார்க்கிறோமே, அதே வேலையை மைல் கணக்கில் செய்தார்கள் என்று வையுங்கள். ஆற்றின் வடகரையில் இருந்த வாஷிங்டன் மாநிலம் பெரிய ரோட்டுக்குப் பணம் தரவில்லை. தென்கரையில் இருந்த ஓரிகன் மாநிலத்துச் சட்டசபை உறுப்பினர்களை ஹில் 1913-இல் மேரிஹில்லுக்கே வரவழைத்துக் காட்டினார். அந்த வருஷமே ஓரிகனில் சாலை ஆணையம் அமைந்தது. மல்ட்னோமா கவுன்ட்டி, அதாவது போர்ட்லாண்டு நகரம் இருக்கிற மாவட்டம், ஆகஸ்ட் மாதம் லங்காஸ்டரை வேலைக்கு எடுத்தது.

முதலில் புள்ளி, பிறகு கோடு

நண்பர்களே, அலைன்மென்ட் பாடத்தில் கட்டாயப் புள்ளிகள் என்று படிக்கிறோம். பாலம் கட்ட நல்ல இடம், நடுவில் உள்ள ஊர், மலைக் கணவாய் — இவற்றைத் தொட்டுத்தான் ரோடு போக வேண்டும். லங்காஸ்டர் அந்தப் பட்டியலில் இன்னொன்றைச் சேர்த்தார். மனிதன் தன்னை மறந்து நின்று பார்க்கக் கூடிய இடமும் ஒரு கட்டாயப் புள்ளிதான்! சர்வேயின்போது அருவி எங்கே, பாறை முனை எங்கே, நதி முழுசாகத் தெரிவது எங்கே என்று முதலில் பார்த்தார். அந்தப் புள்ளிகளை இணைத்துத்தான் பிறகு கோடு போட்டார்.

அதற்காகக் கணக்கில் தளர்வு காட்டினாரா? அதுதான் இல்லை! சரிவு 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. வளைவின் ஆரம் 100 அடிக்குக் குறையக் கூடாது. அகலம் 24 அடி. தனக்குத் தானே போட்டுக்கொண்ட விதி இது. மலைச் சாலைக்கு நாம் இன்று படிக்கும் ரூலிங் கிரேடியன்டும் அதே 5 சதவீதம்தான் என்பதைக் கவனியுங்கள். அதே பள்ளத்தாக்கில் 1870-களில் போட்ட பழைய வண்டிப்பாதை ஏறமுடியாத செங்குத்து. அப்புறம் வந்த ரயில் பாதையோ ஆற்றோரத்துச் சமநிலத்தைப் பிடித்துக்கொண்டது. மிச்சம் இருந்தது பாறையும் சரிவும்தான்.

கிரவுன் பாயின்ட் என்ற முனையை எடுத்துக்கொள்வோம். நதி மட்டத்திலிருந்து 733 அடி உயரம். கிழக்கும் மேற்கும் பள்ளத்தாக்கு முழுக்கக் கண்ணில் படும். அங்கே ரோட்டைக் கொண்டு போகாமல் விட லங்காஸ்டருக்கு மனசு வரவில்லை. போனால் இறங்கணுமே? சுமார் 600 அடி இறங்க வேண்டும். 5 சதவீதம் என்றால் 20 அடி போனால்தான் 1 அடி இறங்கலாம். 600 அடிக்கு 12,000 அடி நீளம், அதாவது இரண்டே கால் மைலுக்கு மேல் ரோடு வேண்டும். இடமோ கொஞ்சம். எட்டு என்ற எண்ணை எழுதுவது போல ரோட்டைச் சுழற்றிச் சுழற்றி மடித்து இறக்கினார். சரிவும் மீறவில்லை, ஆரமும் குறையவில்லை. சும்மா சொல்லக் கூடாது, ஆள் கில்லாடி!

மல்ட்னோமா அருவிக்குப் பக்கத்தில் வேறு சிக்கல். மலைச்சரிவு பொலபொலவென்று இருந்தது. வெட்டினால் சரியும், சரிந்தால் கீழே ரயில் பாதை. அதனால் சரிவை வெட்டாமல், அதன் ஓரத்திலேயே கான்கிரீட் தூண்களை நிறுத்தி அதன்மேல் ரோட்டைக் கொண்டு போனார்கள். ஒன்று 400 அடி, இன்னொன்று 860 அடி. மலையைத் தொடாமல் மலையோடு போகிற பாலம்! ஓரக் கல் சுவர்களைக் கட்டியவர்களில் இத்தாலியிலிருந்து வந்த கொத்தனார்கள் முக்கியமானவர்கள். ரைன் கரையில் பார்த்த சுவர் இப்படி ஓரிகனுக்கு வந்து சேர்ந்தது.

கொடுத்த கைகள்

நல்ல வேலை நடந்தால் நாலு பேர் கை கொடுப்பார்கள் என்பதற்கும் இந்த ரோடு சாட்சி. ஜான் யோன் என்ற மர வியாபாரி சம்பளம் வாங்காமல் ரோடு வேலையின் மேற்பார்வையை ஏற்றுக்கொண்டார். சைமன் பென்சன் என்ற இன்னொரு மர வியாபாரி மல்ட்னோமா அருவி இருந்த நிலத்தையே வாங்கி ஊருக்குக் கொடுத்தார். 620 அடி அருவிக்குக் குறுக்கே இன்றும் நிற்கும் நடைபாலம் அவர் பணத்தில் கட்டியது. இவர்களாவது செல்வந்தர்கள். ஜார்ஜ் ஷெப்பர்டு என்ற விவசாயி அப்படி இல்லை. ஆனாலும் இறந்துபோன தன் மனைவியின் நினைவாக, அருவியோடு கூடிய 11 ஏக்கர் நிலத்தைப் பொதுமக்களுக்கு எழுதி வைத்தார். அங்கே நின்று பார்க்கிறவர்கள் அந்த அம்மாவின் நினைவிடத்தில்தான் நிற்கிறார்கள்.

1915-இல் ரோடு திறந்தது. அதே வருஷம் லங்காஸ்டர் இந்தச் சாலையைப் பற்றி வண்ணப் படங்களோடு ஒரு புத்தகமும் எழுதி வெளியிட்டார். 1916 ஜூன் 7 அன்று முறைப்படி அர்ப்பண விழா. ஜனாதிபதி உட்ரோ வில்சன் தலைநகரில் இருந்தபடியே பொத்தானை அழுத்தினார். அங்கே ஓரிகனில் கொடி பறந்தது. தி டாலஸ் என்ற ஊர் வரைக்கும் முழுப் பாதையும் முடிந்தது 1922-இல்.

கிரவுன் பாயின்ட் முனையில் ஒரு மண்டபமும் கட்டினார்கள். பெயர் விஸ்டா ஹவுஸ். எட்டுப் பட்டை வடிவம்; எட்கர் லாசரஸ் என்ற கட்டடக்கலைஞரின் வரைபடம். பயணிகள் இளைப்பாறவும், கழிப்பறைக்குப் போகவும், நின்று பார்க்கவும் இடம் வேண்டும் என்பது லங்காஸ்டரின் எண்ணம். 1918 மே 5 அன்று திறந்தார்கள். செலவு கிட்டத்தட்ட லட்சம் டாலர். போட்ட கணக்கைத் தாண்டிப் போயிற்று. லட்சம் டாலரில் கக்கூஸ் கட்டியிருக்கிறார்கள் என்று ஊரே கேலி பேசியது. கேலியில் ஒரு நியாயமும் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. எஸ்டிமேட்டை மீறுவது எந்தக் காலத்திலும் பெருமை இல்லை. ஆனால் கேலி பேசியவர்கள் காலம் முடிந்தும் நூறு வருஷத்துக்கு மேலாக அந்த மண்டபத்துக்கு ஜனங்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அதையும் கணக்கில் சேர்க்கத்தானே வேண்டும்?

வேகம் வந்தது

லங்காஸ்டர் 1941-இல் போர்ட்லாண்டில் காலமானார். அவர் சாலைக்கும் அப்போதே கெட்ட காலம் தொடங்கியிருந்தது. கார்களின் வேகம் கூடியது, லாரிகள் பெருத்தன. 24 அடி அகலமும் 100 அடி ஆரமும் பத்தவில்லை. ஆற்றோரமாக நேர்கோட்டில் புது நெடுஞ்சாலை வந்தது. பழைய ரோட்டின் பல துண்டுகள் புதர் மண்டிப் போயின. ஜான் எலியட் என்ற பொறியாளர், ஆக்ஸன் சாலையை மனதில் வைத்து மிச்செல் பாயின்ட் பாறையில் ஐந்து ஜன்னல்களோடு குடைந்திருந்த சுரங்கத்தை, நெடுஞ்சாலையை அகலப்படுத்துவதற்காக 1966-இல் தகர்த்தே விட்டார்கள்.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? சரக்கு லாரி அருவியைப் பார்க்க வருவதில்லை. வேகப் பாதை வேண்டியதுதான். ஆனால் வேகப் பாதை வந்ததால் நின்று பார்க்கும் பாதை வேண்டாம் என்று ஆகிவிடாது. இரண்டும் இரண்டு வேலை. இதை அந்த ஊர்க்காரர்களும் பிற்பாடு புரிந்துகொண்டார்கள். 1986-இல் வந்த சட்டம் பள்ளத்தாக்கைக் காட்சிப் பகுதியாக அறிவித்து, பழைய ரோட்டைக் காப்பாற்றவும் வழி செய்தது. 2000-இல் அது தேசிய வரலாற்றுச் சின்னம் ஆயிற்று. சில துண்டுகளில் இன்றும் கார் ஓட்டலாம். மற்ற துண்டுகளைச் சீர்செய்து நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் விட்டிருக்கிறார்கள். மிச்செல் பாயின்டில்கூட ஐந்து ஜன்னல்களோடு புதுச் சுரங்கம் குடைந்து 2025-இல் திறந்துவிட்டார்கள். தகர்த்த கையே திரும்பக் குடைந்திருக்கிறது!

நாம் என்ன செய்யலாம்?

தோழர்களே, டிப்ளமோ முடித்ததும் நம்மில் பலர் எங்காவது ஒரு சைட்டில் லெவலிங் ஸ்டாஃபைப் பிடித்துக்கொண்டு நிற்கப் போகிறோம். மேலே இருந்து வரும் வரைபடத்தை மாற்றும் அதிகாரம் நமக்கு இருக்காது. ஆனால் தரையில் நின்று பார்க்கிற முதல் கண் நம்முடையதுதான். ஒரு வளைவைத் திரும்பினதும் ஏரியோ பள்ளத்தாக்கோ விரிகிறது என்றால், ஃபீல்டு புக்கில் ஓரமாக ஒரு வரி குறித்து வைக்கலாமே! இரண்டு வண்டி ஒதுங்கி நிற்க இடம், உட்கார்ந்தால் காட்சியை மறைக்காத கைப்பிடிச் சுவர், மழைத் தண்ணீர் வடிய ஒரு வடிகால் — இதற்கு லட்சம் டாலர் தேவையில்லை. ஒதுங்க இடம் இல்லாததால்தான் நடுரோட்டிலேயே வண்டியை நிறுத்தி எட்டிப் பார்க்கிறார்கள். பின்னால் வருகிறவன் மோதுகிறான். ஆக வியூ பாயின்ட் என்பது அழகு மட்டும் அல்ல, பாதுகாப்பும்தான்.

படுத்த படுக்கையிலிருந்து எழுந்து நடந்தவர், ஊர் பேர் தெரியாத லட்சக்கணக்கான ஜனங்கள் இறங்கி நிற்க இடம் செய்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் கையில் இருந்தது நாம் படிக்கிற அதே கருவி, அதே கணக்கு. மிச்சம் வேண்டியது பார்க்கிற கண் ஒன்றுதான். அது நம்மிடமும் இருக்கிறது, நண்பர்களே!