ஜெயபால் சிங் முண்டா சரித்திரச் சுருக்கம்

பிறர் இட்ட இழிபெயரைச் சுமந்து தலைகுனிந்து நடப்போர் உலகிற் பலர். அப்பெயரையே முடியாகச் சூடி நிமிர்ந்து நிற்போர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவராகிய ஜெயபால் சிங் முண்டா அவர்களின் சரித்திரத்தை நம் சங்கத்து அன்பர்களும் குடும்பத்தாரும் அறிதல் நலமென்று கருதி ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

இக்காலத்து ஜார்க்கண்டில் குந்தி என்னும் ஊரை அடுத்த டக்ரா கிராமத்தில், ஆதிகுடிகளாகிய முண்டா மரபில், 1903-ம் வருஷம் ஜனவரி 3-ந் தேதி இவர் பிறந்தார். ராஞ்சியில் பாதிரிமார் பாடசாலையில் பயின்று, அவர்கள் உதவியாற் சீமை சென்று, ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையிற் பொருளாதார சாஸ்திரம் கற்றுத் தேறினார். பந்தாட்டத்திலும் வல்லவராதலின், 1928-ம் வருஷம் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் பந்தயத்திற் சென்ற இந்திய ஹாக்கிக் கோஷ்டிக்குத் தலைவராயினார். இறுதி ஆட்டத்தில் இவர் இறங்கவில்லையாயினும், அக்கோஷ்டி தங்கப் பதக்கம் பெற்று மீண்டது. அப்பந்தயத்தின் பொருட்டு எழுந்த சிக்கலில் ஐ.சி.எஸ். உத்தியோகத்தையும் துறந்தார். பின்னர் ஆப்பிரிக்காவிலும் ராய்ப்பூரிலும் உபாத்திமைத் தொழில் புரிந்து, 1939-ல் ராஞ்சியிற் கூடிய ஆதிவாசி மகாசபைக்குத் தலைமை பூண்டார்.

1946-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் டில்லியில் அரசியல் நிர்ணய சபை கூடிற்று. ஜவஹர்லால் நேரு கொணர்ந்த இலட்சியத் தீர்மானத்தை ஆதரித்து 19-ந் தேதி ஜெயபால் சிங் பிரசங்கம் செய்தார். பின்தங்கியோர் என்றும், குற்றப் பரம்பரையினர் என்றும், இன்னும் பலவாறும் அழைக்கப்பட்ட பூர்வகுடிகளின் சார்பிற் பேசுவதாக அவர் தொடங்கினார். ஊரார் தம்மை ஜங்லி, அதாவது காட்டான், என்று அழைப்பதைத் தாம் பெருமையாகவே கொள்வதாக அப்பெரும் அவையிற் கூசாது உரைத்தார். ஆறாயிரம் வருஷங்களாகத் தம் மக்கள் புறக்கணிக்கப்பட்டமையை எடுத்துக் காட்டினார். குடியரசு முறையை அவர்களுக்கு எவரும் போதிக்க வேண்டுவதில்லை, அவர்களிடமே அதனைக் கற்கலாம் என்றார். தனிச் சலுகை வேண்டாது, ஏனைய இந்தியரோடு ஒப்ப நடத்தப்படுதலையே வேண்டினார். அச்சபையில் ஆடவரே மிக்கிருத்தலையும், பெண்டிர் இன்னும் பலர் வேண்டுமென்பதையும் சுட்டினார்.

குற்றப் பரம்பரை என்னும் அச்சொல் மதுரை நாட்டாருக்குப் புதிதன்று. 1871-ல் வடநாட்டிற் பிறந்த அச்சட்டம் 1911-க்குப் பின் சென்னை ராஜதானியிலும் பரவி, நம் மேற்குச் சமவெளியில் வாழ்ந்த பிறமலைக் கள்ளர்மீது பாய்ந்தது. யாதொரு குற்றமும் செய்யாதவரும் கைரேகை பதிய வேண்டுமென்றும், இரவில் தம் மனைமக்களை விட்டுப் போலீஸ் காவலிற் படுக்க வேண்டுமென்றும் வற்புறுத்தப்பட்டனர். இதற்கு இணங்க மறுத்தமையால் 1920-ம் வருஷம் ஏப்ரல் 3-ந் தேதி உசிலம்பட்டிக்கு அண்மையிலுள்ள பெருங்காமநல்லூரில் துப்பாக்கிப் பிரயோகம் நிகழ்ந்து, மாயக்காள் என்னும் மாது உள்ளிட்ட பலர் உயிர் துறந்தனர். சட்டம் சென்னை ராஜதானியில் 1947-லும், நாடெங்கும் 1952-லும் ஒழிந்தது.

ஜெயபால் சிங் வேண்டியவை யாவும் கைகூடவில்லை. ஆதிவாசி என்னும் பெயரை அரசியல் சாசனம் ஏற்காது, அட்டவணைப் பழங்குடியினர் என்றே குறித்தது. எனினும், சட்டசபைகளில் அவர்களுக்குத் தனித் தொகுதிகளும், அவர்தம் நிலங்களைக் காக்கும் ஐந்தாம் அட்டவணையும் அமைந்தன. 1963-ல் அவர் தம் ஜார்க்கண்டுக் கட்சியைக் காங்கிரஸோடு இணைத்ததை அவருடைய மக்களே பலர் குறை கூறினர். 1970-ம் வருஷம் மார்ச் 20-ந் தேதி அவர் காலமானார். அவர் கனவு கண்ட ஜார்க்கண்ட் 2000-ம் வருஷம் நவம்பர் 15-ந் தேதி உதயமாயிற்று. காட்டில் வாழ்வோரின் உரிமையை ஒப்புக்கொண்ட சட்டம் 2006-ல் நிறைவேறிற்று.

அன்பர்களே! நம் மேற்கு மலைகளில் இன்றும் பளியர் முதலிய பூர்வகுடிகள் வாழ்கின்றனர். அவர்கள் கொணரும் தேனை விரும்பி வாங்கும் நாம், நம் இல்லத்துப் பிள்ளைகளை வையும்போது காட்டான் என்னும் சொல்லையே எடுக்கின்றோம். தத்தம் மரபின் பெருமையைப் பேசுவதற்கென்றே சங்கம் கூட்டுவோர் பிறர் மரபை இழிவுபடுத்தும் சொல்லை வழங்குதல் தகுமோ? தம் மக்களின் மானத்தை ஒரு பிரசங்கத்தால் நிலைநாட்டிய பெரியாரின் சரித்திரத்தைப் படித்த பின்னரேனும், அச்சொல்லை நம் வீடுகளினின்று அகற்றுதல் நம் கடமையாம்.