வில்லும் வெள்ளித்திரையும்

தந்தையார் பெயர் சுடலைமுத்து. தாயார் பெயர் இசக்கியம்மாள். நாஞ்சில் நாட்டை அறிந்தவர்க்கு இவ்விரு பெயர்களே போதும். சுடலைமாடனுக்கும் இசக்கிக்கும் கொடை எடுக்கும் ஊர்களில் வில்லுப்பாட்டு ஒலிக்காத கொடை ஏது? அத்தகைய மண்ணில், நாகர்கோவிலைச் சார்ந்த ஒழுகினசேரியில், 1908 நவம்பர் 29ஆம் நாள் பிறந்தவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். அன்று அது திருவிதாங்கூர் சீமை. 1956இல் அப்பகுதி தமிழகத்தோடு இணைந்தது. வடகரப்பதி போன்ற நம் தமிழூர்கள் கேரளத்தில் நின்றுவிட்டன. ஆயினும் கலைவாணர் பாட்டை எந்தச் சாவடியும் தடுத்ததில்லை.

வறுமை அவரை நான்காம் வகுப்போடு பள்ளியிலிருந்து பிரித்தது. டென்னிஸ் மட்டைக்கு நரம்பு கட்டினார். நாடகக் கொட்டகையில் சோடா விற்றார். பின்னர் டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்தார். 1930களில் திரையுலகம் புகுந்தார். பணமும் புகழும் அவரைத் தேடி வந்தன. மண்ணிலிருந்து வந்த கலை பணத்தின் முன் நின்றால் என்ன ஆகும் என்னும் கேள்வி அவர் வாழ்வில் எழுவது இங்கேதான்.

கொடையில் பாடும் வில்லுப்பாட்டு காது குளிரக் கேட்பதற்கு மட்டும் உரியது அன்று. நீண்ட வில், அதில் கோத்த மணிகள், நாணில் விழும் வீசுகோல், குடம், உடுக்கு, தாளம். புலவர் பாட, பக்கத்திலிருப்போர் ஆமாம் போட, கதை உச்சத்தை எட்டும்போது சாமியாடிக்கு அருள் வரும். பாட்டுக்கு அங்கே ஒரு வேலை உண்டு. அதைப் பெயர்த்தெடுத்து, சீட்டு விற்கும் மேடையில் வைத்தால் மணி ஒலிக்கும், அருள் வராது. வந்ததுபோல் நடிக்கலாம். அந்த நடிப்புக்கும் கூட்டம் சேரும், காசும் சேரும்! அமெரிக்காவில் 1920களின் இறுதியில் நாஷ்வில் நகரத்து வானொலி நிகழ்ச்சி ஒன்று, கோட்டு அணிந்து வந்த இசைக்குழுவினருக்குக் குடியானவர் உடை மாட்டிப் படம் பிடித்தது. நாட்டுப்புறப் பெயரும் சூட்டியது. அத்தகைய குழு ஒன்றின் தலைவர் ஹம்ஃப்ரி பேட், பட்டம் பெற்ற மருத்துவர். (விழா மேடையில் நாமும் தலைப்பாகை கட்டிக்கொண்டு கிராமியம் என்று ஆடுகிறோமே, அதையும் இந்தக் கணக்கில்தான் எழுத வேண்டும்.)

கலைவாணர் வேறு வழியில் நடந்தார். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 இறுதியில் கைதாகி, ஆயுள் தண்டனை பெற்று, 1947 ஏப்ரலில் விடுதலையானார். மறு ஆண்டு காந்தியடிகள் கொல்லப்பட்டார். கலைவாணர் வில்லை எடுத்தார். நகர மேடையில் அவர் சொன்ன பெருங்கதை சுடலைமாடன் கதையன்று, காந்தியின் கதை. அதை எழுதிக் கொடுக்க, நெல்லைச் சீமையிலிருந்து சுப்பு ஆறுமுகம் என்னும் இளைஞரைச் சென்னைக்கு அழைத்து வந்தார். அருள் வருவதாகப் பாவனை செய்ய வேண்டிய தேவையே அங்கு எழவில்லை. வில்லின் நடையும், ஆமாம் போடும் குரலும், கேட்பவனை நேரே விளித்துப் பேசும் உரிமையும் மட்டும் மேடைக்கு வந்தன.

அண்ணா கதை எழுதிய 'நல்லதம்பி' 1949இல் வந்தது. அதில் கிந்தனார் காலட்சேபத்தைப் பாடினார் கலைவாணர். நந்தன் தில்லைக்குப் போக ஏங்கினான். கிந்தனோ படிக்கப் போகிறான், அதிகாரியாகத் திரும்புகிறான். இதை எழுதிக் கொடுத்தவர் உடுமலை நாராயண கவி. அவர் பிறந்த பூளவாடி, வடகரப்பதிக்குக் கிழக்கே, பொள்ளாச்சியையும் தாண்டி இருக்கிறது. கும்மியும் சிந்தும் கேட்டு வளர்ந்த கொங்கு நாட்டுக் காது அவருடையது. அச்சொற்கள் நம் திண்ணைப் பேச்சுப்போல் இருப்பதில் வியப்பென்ன?

இதனால் கலைவாணர் வணிகத்துக்கு அப்பாற்பட்ட துறவி என்று கொள்ள வேண்டா. கதையோடு ஒட்டாத படங்களில்கூட, அவரும் மதுரம் அம்மையாரும் தோன்றும் நகைச்சுவைப் பகுதி தனியே கோத்துச் சேர்க்கப்பட்டது. சீட்டு விற்க அது வேண்டியிருந்தது, அவரும் கொடுத்தார். அப்பகுதிகளில் சில இன்று வெறும் ஒட்டுத் துணியாகவே தெரிகின்றன. ஆனால் அந்த ஒட்டுத் துணியிலும் குடியையும் மூடப்பழக்கத்தையும் குத்தும் ஊசி ஒன்றை அவர் மறைத்து வைக்கத் தவறியது அரிது. வாங்கிய பணத்தைத் தம்மிடம் நிறுத்திக்கொள்ளவும் இல்லை, கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார். 1957 ஆகஸ்டு 30ஆம் நாள், 49 வயதுகூட நிரம்பாமல், வறுமையிலே மறைந்தார்.

சுப்பு ஆறுமுகம் வில்லைக் கீழே வைக்கவில்லை. 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்று, மறு ஆண்டு காலமானார். நாஞ்சில் நாட்டுக் கொடைகளில் வில் இன்றும் ஒலிக்கிறது. அங்கே பாடுவது சுடலைமாடன் கதைதான்.