போருக்குப் பின் முற்றத்தில் தொடங்கிய கராத்தே: சோஜுன் மியாகியின் கதை

1984 இல் வெளிவந்த 'கராத்தே கிட்' திரைப்படத்தின் முதிய ஆசான் மியாகியை எங்களில் பலருக்குத் தெரியும். அந்தப் பெயர் கோஜு ரியூ என்ற கராத்தே பாணியை உருவாக்கிய சோஜுன் மியாகியிடமிருந்து எடுக்கப்பட்டது. அந்த உண்மையான மியாகியின் வாழ்க்கையைத் தேடி வாசித்தபோது, அவருடைய சண்டைத் திறமையைவிட, போர் எல்லாவற்றையும் பறித்த பின்னர் அவர் செய்த வேலைதான் என் மனதில் நின்றது.

மியாகி 1888 ஆம் ஆண்டு ஒகினாவாவின் நாஹா நகரில் பிறந்தார். ரியுக்யு என்ற தனி இராச்சியமாக இருந்த அந்தத் தீவுகளை 1879 இல் யப்பான் தன்னுடன் இணைத்திருந்தது. வசதியான குடும்பத்தில் வளர்ந்த அவர், 14 வயதில் கன்ரியோ ஹிகாஒன்னா என்ற ஆசானிடம் சேர்ந்தார். சீனாவின் பூஜோ நகரில் பயின்று திரும்பியவர் அந்த ஆசான். பின்னர் மியாகியும் பூஜோவுக்குச் சென்று அக்கலையின் வேர்களைத் தேடினார்.

அவர் கற்பித்த பாணிக்கு நீண்டகாலம் பெயரே இருக்கவில்லை. 1930 இல் அவருடைய முதன்மை மாணவர் ஜினான் ஷின்சாட்டோ டோக்கியோவில் கலையை நிகழ்த்திக் காட்டினார். இது எந்தப் பாணி என்று அங்கே கேட்டபோது அவரால் தெளிவாகப் பதில் சொல்ல முடியவில்லை. விடயத்தை அறிந்த மியாகி, புபிஷி என்ற பழைய நூலிலிருந்து சொற்களை எடுத்து கோஜு என்று பெயரிட்டார். கோ என்றால் கடினம், ஜு என்றால் மென்மை. மூச்சை உள்ளிழுப்பதிலும் வெளிவிடுவதிலும் இந்த இரண்டும் இணைய வேண்டும் என்பதே பாணியின் அடிப்படை.

ஷின்சாட்டோவே தனக்குப் பின் கலையைக் கொண்டுசெல்வார் என மியாகி நம்பியிருந்தார். 1944 ஒக்டோபர் 10 ஆம் திகதி அமெரிக்க விமானங்கள் குண்டு வீசியதில் நாஹாவின் பெரும்பகுதி எரிந்தது. 1945 ஏப்ரலில் தரைப்போர் தொடங்கியது. ஏறத்தாழ மூன்று மாதங்களில் தீவின் மக்களில் கால்வாசிப் பேர் வரை மாண்டனர் என்று கணக்கிடப்படுகிறது. ஷின்சாட்டோ கொல்லப்பட்டார். மியாகியின் பிள்ளைகளில் மூவர் போருக்குப் பலியாகினர். பல ஆண்டுகளாக அவர் சேர்த்து வைத்த ஆய்வுக் குறிப்புகளும் அழிந்தன. பிள்ளைகளையும், உழைத்துச் சேர்த்ததையும் ஒன்றாக இழப்பது என்னவென்று இதை வாசிக்கும் உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

போர் முடிந்தபோது அவருக்கு 57 வயது. பொலிஸாருக்குக் கராத்தே கற்பித்தார். பின்னர் நாஹாவில் தன் வீட்டு முற்றத்திலேயே பயிற்சியைத் தொடங்கினார். கைப்பிடி பொருத்திய கல், விரல்களால் விளிம்பைப் பற்றித் தூக்கும் மண்சாடி போன்றவையே கருவிகள். 1948 இல் அங்கு வந்து சேர்ந்த இளைஞர்களில் ஒருவர் அனிச்சி மியாகி. குடும்பப் பெயர் ஒன்றாக இருந்தாலும் உறவினர் அல்லர். எழுத்தில் அழிந்ததை மியாகி அந்த இளைஞர்களின் உடல்களுக்குக் கற்றுக்கொடுத்தார்.

1953 ஒக்டோபர் 8 ஆம் திகதி, 65 வயதில் அவர் இறந்தார். யாருக்கும் கறுப்புப் பட்டி வழங்கியதில்லை. அடுத்த ஆசான் இவர்தான் என்று எழுதியும் வைக்கவில்லை. ஆகவே மாணவர்கள் பல வழிகளில் பிரிந்தனர். யாரிடம் இருப்பது மூல வடிவம் என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

அனிச்சியிடம் பயின்ற மோரியோ ஹிகாஒன்னா 1979 இல் சர்வதேச ஒகினாவா கோஜு ரியூ கராத்தே சம்மேளனத்தை நிறுவினார். போட்டிக்காகக் கலை மாற்றப்படுவதைத் தவிர்த்து, பழைய பயிற்சிமுறையை அப்படியே காப்பது அதன் நோக்கம். 2013 இல் ஒகினாவா நிர்வாகம் அவரைத் தன் பண்பாட்டுச் செல்வத்தைத் தாங்குபவராக அங்கீகரித்தது.

மோரியோ ஹிகாஒன்னா, சோஜுன் மியாகியிடம் நேரில் பயின்றவர் அல்லர். இடையில் இருந்தது அனிச்சி என்ற ஒரே ஒரு மனிதர். போருக்குப் பிந்திய வறுமையில் அந்த இளைஞர் முற்றத்துக்கு வராமல் விட்டிருந்தால், இன்று பல நாடுகளில் கிளை விரித்திருக்கும் இந்தச் சம்மேளனத்துக்குக் காக்க என்ன மிஞ்சியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.