கே. டி. பால்

கே. டி. பால் (கனகராயன் திருச்செல்வம் பால், மார்ச் 24, 1876 – ஏப்ரல் 11, 1931) தமிழ்நாட்டைச் சேர்ந்த சமூகப் பணியாளரும் கல்வியாளரும் இந்தியக் கிறித்தவத் தலைவரும் ஆவார். ஒய்.எம்.சி.ஏ. எனப்படும் வாலிபர் கிறித்தவ சங்கத்தின் இந்திய தேசிய மன்றத்துக்குப் பொதுச் செயலாளராகப் பொறுப்பேற்ற முதல் இந்தியர் இவரே. நகரத்து மாணவர்களையும் எழுத்தர்களையும் மட்டுமே சார்ந்திருந்த அச்சங்கத்தைச் சிற்றூர்களுக்குக் கொண்டு சென்றவர் இவர். ஊர் இளைஞர்கள் தங்கள் ஊருக்கான பணிகளைத் தாங்களே திட்டமிட்டு, தாங்களே பணம் திரட்டி, தாங்களே நடத்த வேண்டும் என்னும் கொள்கையை இந்தியாவில் நடைமுறைப்படுத்திய முன்னோடிகளுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

பால் சேலத்தில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று இளங்கலைப் பட்டம் பெற்ற பின்னர்ச் சட்டமும் பயின்றார். சில காலம் அரசுச் செயலகத்தில் பணியாற்றிவிட்டு ஆசிரியப் பணிக்கு மாறினார். அக்காலத்தில் பட்டம் பெற்ற இளைஞருக்கு அரசுப் பணியே பாதுகாப்பான வழியாக இருந்தது. அதை விட்டு விலகிய பால், மாணவர்களுடனும் இளைஞர் அமைப்புகளுடனும் நெருங்கிப் பழகும் வாய்ப்பைப் பெற்றார்.

தேசிய மிஷனரி சங்கம்

1905 ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று வங்காளத்தின் செராம்பூரில், வில்லியம் கேரியின் பெயரோடு தொடர்புடைய நூலகத்தில், இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து வந்த இந்தியக் கிறித்தவர்கள் கூடித் தேசிய மிஷனரி சங்கத்தைத் தோற்றுவித்தனர். திருநெல்வேலிப் பகுதியிலுள்ள வெள்ளாளன்விளையில் பிறந்து ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகப் பணிபுரிந்து வந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் பாலும் இம்முயற்சியில் முன்னின்றனர். அசரியா செயலாளராகவும் பால் பொருளாளராகவும் பொறுப்பேற்றனர். அசரியா தோர்ணக்கல் சென்ற பின்னர்ப் பால் பொதுச் செயலாளரானார்.

வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் தீவிரமடைந்திருந்த ஆண்டு அது. இந்தியத் திருச்சபைகள் பெரும்பாலும் வெளிநாட்டு மிஷன்களின் பணத்தாலும் வெளிநாட்டவரின் மேலாண்மையாலும் நடந்து வந்தன. புதிய சங்கமோ இந்தியப் பணியாளர், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் ஆகிய மூன்றையும் அடிப்படையாகக் கொண்டது. பொருளாளர் என்ற முறையில் இக்கொள்கையின் முழுச் சுமையும் பாலின் மீது விழுந்தது. இந்தியக் கிறித்தவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற கூலித் தொழிலாளர்களாகவும் கடனில் மூழ்கிய குத்தகை உழவர்களாகவும் இருந்தனர். அவர்களிடமிருந்து நன்கொடை திரட்ட ஊர் ஊராகப் பயணம் செய்த போது, வறுமையைக் காட்டிலும் வட்டியே அவர்களை முடக்கி வைத்திருந்ததைப் பால் நேரில் கண்டார்.

ஐக்கிய நாணய சங்கங்கள்

சென்னை மாகாண அதிகாரியான பிரடெரிக் நிக்கல்சன், செருமனியில் ரைபைசன் உருவாக்கிய சிற்றூர்க் கடன் சங்கங்களைப் பற்றி ஆராய்ந்து 1895, 1897 ஆம் ஆண்டுகளில் அரசுக்கு அறிக்கை அளித்திருந்தார். இதன் தொடர்ச்சியாக 1904 இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் நிறைவேறியது. ஒரே ஊரைச் சேர்ந்த, 18 வயதுக்கு மேற்பட்ட பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்து கொள்ள இச்சட்டம் வழி செய்தது. அவ்வாண்டிலேயே அப்போதைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த திருவள்ளூரை அடுத்த திரூரில் வேளாண்மைக் கடன் சங்கமும், காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவு வங்கியும், சென்னைத் திருவல்லிக்கேணியில் நுகர்வோர் சங்கமும் தொடங்கப்பட்டன. இன்று திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகள் நிறைந்துள்ள பகுதியைச் சூழ்ந்த ஊர்களே தமிழ்நாட்டுக் கூட்டுறவு இயக்கத்தின் தொடக்கக் களங்களுள் அடங்கும் என்பது குறிப்பிடத்தக்கது.

பால் இச்சட்டத்தில் தம் வினாவுக்கான விடையைக் கண்டார். சிற்றூர்ச் சங்கங்கள் வரம்பற்ற பொறுப்பு என்னும் முறையில் அமைந்தன. ஓர் உறுப்பினர் கடனைத் திருப்பிச் செலுத்தத் தவறினால் மற்ற அனைவரும் அதற்குப் பொறுப்பாவர். ஆகவே யாரைச் சேர்ப்பது, எதற்குக் கடன் கொடுப்பது, கடன் வாங்கியவர் அதை அதே செலவுக்குத்தான் பயன்படுத்தினாரா என்பவற்றை உறுப்பினர்களே கண்காணித்தாக வேண்டும். அடகு வைக்க நிலமோ நகையோ இல்லாதவர்களுக்கு ஒருவர் மீது ஒருவர் கொண்ட நம்பிக்கையே பிணையாயிற்று. கணக்கு எழுதவும் கூட்டக் குறிப்பு எழுதவும் ஊரில் எழுத்தறிந்த இளைஞர்கள் தேவைப்பட்டனர். இதனால் சங்கம் கடன் தரும் இடமாக மட்டுமன்றி, பொது நிர்வாகத்தைக் கற்றுக்கொள்ளும் பள்ளியாகவும் விளங்கும் என்பது பாலின் கருத்தாக இருந்தது.

ஆனால் ஏழைகள் மட்டுமே சேர்ந்த சங்கத்திற்குத் தொடக்க முதல் எங்கிருந்து வரும் என்னும் சிக்கல் எழுந்தது. 1912 இல் வந்த புதிய கூட்டுறவுச் சங்கச் சட்டம் மத்திய வங்கிகளை அமைக்க வழி செய்தது. இதைப் பயன்படுத்திச் சென்னையில் கிறித்தவ மத்திய கூட்டுறவு வங்கி உருவாகப் பால் காரணமாக இருந்தார். இத்தகைய மத்திய வங்கிகள் பங்குகளாலும் வைப்புகளாலும் திரட்டிய பணத்தைத் தனி ஆட்களுக்குக் கொடுக்காமல் சிற்றூர்ச் சங்கங்களுக்குக் கடனாக அளித்தன. நன்கொடையாக வரும் பணம் செலவானதும் தீர்ந்துவிடும். கடனாக வரும் பணமோ திரும்பி வந்து அடுத்தவருக்குப் பயன்படும் என்பதே இதன் அடிப்படையாகும்.

ஒய்.எம்.சி.ஏ. பொதுச் செயலாளர்

1844 இல் இலண்டனில் ஜார்ஜ் வில்லியம்சு தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ., 1890 இல் சென்னையில் நிறுவப்பட்டது. இந்தியச் சங்கங்களின் தேசிய ஒன்றியம் 1891 இல் உருவானது. 1913 இல் அதன் தேசியச் செயலாளர்களுள் ஒருவராகச் சேர்ந்த பால், 1916 இல் தேசியப் பொதுச் செயலாளரானார். அமெரிக்கர்களும் ஆங்கிலேயர்களும் செயலாளர்களாகப் பணியாற்றிய ஓர் அமைப்பில், அவர்களுக்கு மேலான பொறுப்பில் ஓர் இந்தியர் அமர்வது அக்காலத்தில் புதுமையாக இருந்தது.

முதல் உலகப் போரின் போது பிரான்சிலும் மெசபத்தோமியாவிலும் இருந்த இந்தியப் படைவீரர்களுக்கு ஒய்.எம்.சி.ஏ. ஆற்றிய பணி இவர் காலத்தில் விரிவடைந்தது. 1920 இல் எச். சி. பக் சென்னையில் உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். பிற்காலத்தில் நந்தனத்தில் அமைந்த ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இதிலிருந்து வளர்ந்ததாகும். இந்தியப் பண்பாட்டை அறிமுகப்படுத்தும் நூல்வரிசை ஒன்றும் சங்கத்தின் பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது. சைவ அடியார்களின் பாடல்கள், இந்திய இசை, திருக்குறள் ஆகியவை பற்றிய ஆங்கில நூல்கள் இவ்வரிசையில் இடம் பெற்றன.

சிற்றூர்ச் சீரமைப்பு

சங்கத்தின் ஆற்றல் முழுவதும் நகரங்களில் செலவாவதைப் பால் குறையாகக் கருதினார். இந்தியர்களில் மிகப் பெரும்பாலோர் சிற்றூர்களில் வாழும் போது, கட்டடமும் விடுதியும் விளையாட்டுத் திடலும் நகரத்துக்கு மட்டும் உரியவையாக இருப்பது பொருந்தாது என்பது அவர் நிலைப்பாடு. 1913 முதல் ஊரகப் பணி ஒய்.எம்.சி.ஏ. திட்டங்களுள் ஒன்றாயிற்று. சிற்றூர்ச் சங்கத்திற்குக் கட்டடம் தேவையில்லை. மரத்தடியோ பள்ளித் திண்ணையோ போதுமானது. ஊருக்கு ஊர் ஊதியம் பெறும் பணியாளரை அமர்த்துவதற்குப் பதிலாகப் பல ஊர்களுக்கு ஒரு பயிற்சி பெற்ற செயலாளர் இருந்தார். அவர் ஊர் இளைஞர்களுக்கு வழி காட்டுவார். பணியைச் செய்வது அவ்விளைஞர்களே. ஆன்மா, அறிவு, உடல், சமூகம், பொருளாதாரம் என்னும் ஐந்து கூறுகளையும் ஒன்றாகக் கொண்டு பணியாற்ற வேண்டும் என்று வகுக்கப்பட்டது. இரவுப் பள்ளி, உடல்நலப் பரப்புரை, விளையாட்டு, கடன் சங்கம், குடிசைத் தொழில் ஆகியவை ஒரே அமைப்பின் கீழ் வந்தன.

இப்பணியின் அடுத்த கட்டமாகச் செயல் விளக்க மையங்கள் அமைந்தன. கோயம்புத்தூரை அடுத்த இராமநாதபுரம், நெல்லூர்ப் பகுதியிலுள்ள இந்துக்கூர்ப்பேட்டை, மலபாரிலுள்ள அரீக்கோடு, அப்போதைய திருவிதாங்கூரிலிருந்த மார்த்தாண்டம் ஆகிய இடங்களில் அவை நிறுவப்பட்டன. இவற்றுள் அமெரிக்கரான டி. ஸ்பென்சர் ஹாட்ச் வழிநடத்திய மார்த்தாண்டம் மையம் பெரும் புகழ் பெற்றது. தேனீ வளர்ப்பு, கோழி வளர்ப்பு, பனைவெல்லம், கைத்தொழில்கள் ஆகியவை இங்குக் கற்றுத் தரப்பட்டன. முட்டையையும் தேனையும் உற்பத்தியாளர்களே கூட்டுறவு முறையில் விற்றனர். ஏழை உழவரால் சொந்தச் செலவில் செய்ய இயலாத எதையும் செய்து காட்டுவதில்லை என்பது மையத்தின் நெறியாக இருந்தது. விலையுயர்ந்த கருவியைக் காட்டினால் மக்கள் வியந்துவிட்டுத் திரும்பிச் செல்வர். தம்மால் வாங்க இயன்ற தேன்கூட்டுப் பெட்டியைக் காட்டினால் வீட்டில் ஒன்றை வைப்பர். மார்த்தாண்டம் 1956 இல் கன்னியாகுமரி மாவட்டத்துடன் தமிழ்நாட்டில் இணைந்தது.

அரசியல் பணி

பால் மகாத்மா காந்தியுடன் நட்புக் கொண்டிருந்தார். அனைத்திந்திய கிறித்தவ மாநாட்டின் தலைவராகவும் விளங்கினார். 1930 நவம்பர் முதல் 1931 சனவரி வரை இலண்டனில் நடைபெற்ற முதலாம் வட்டமேசை மாநாட்டில் இந்தியக் கிறித்தவர்களின் சார்பில் கலந்து கொண்டார். கிறித்தவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டும் என்னும் கோரிக்கையை இவர் ஏற்கவில்லை. சிறுபான்மையினர் பொது வாழ்விலிருந்து தங்களைப் பிரித்துக் கொள்வது அவர்களுக்கே கேடாக முடியும் என்று கருதினார். இருப்பினும் இவர் மறைந்த பின்னர் 1932 இல் அறிவிக்கப்பட்ட வகுப்புவாரித் தீர்ப்பு, இந்தியக் கிறித்தவர்களுக்கும் தனித் தொகுதிகளை அளித்தது. பிரித்தானியாவுடனான இந்தியாவின் தொடர்பைப் பற்றி இவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1920களின் பிற்பகுதியில் வெளியாயிற்று.

மறைவு

வட்டமேசை மாநாட்டிலிருந்து திரும்பிய சில மாதங்களில், 1931 ஏப்ரல் 11 அன்று தமது 55 ஆம் அகவையில் பால் காலமானார். ஈரோட்டுப் பகுதியில் மிஷனரியாகவும் பின்னர் ஒய்.எம்.சி.ஏ. பணியாளராகவும் இருந்த எச். ஏ. பாப்லி இவரது வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி 1938 இல் வெளியிட்டார்.

மதிப்பீடு

பாலின் பணியில் தீர்க்கப்படாத முரண்கள் இருந்தன. தேசிய மிஷனரி சங்கம் இந்தியப் பணத்திலேயே இயங்கியது, ஒய்.எம்.சி.ஏ.யோ கட்டடங்களுக்கும் செயலாளர்களின் ஊதியத்துக்கும் அமெரிக்க உதவியைப் பெரிதும் சார்ந்திருந்தது. 1929 இல் தொடங்கிய உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தால் அவ்வுதவி சுருங்கிய போது இச்சார்பின் ஆபத்து வெளிப்பட்டது. மேலும், ஒய்.எம்.சி.ஏ. நிகழ்ச்சிகளில் பிற சமயத்து இளைஞர்கள் பெருமளவில் பங்கேற்ற போதிலும், முழு வாக்குரிமை கொண்ட உறுப்பினர் தகுதி கிறித்தவர்களுக்கே உரியதாக இருந்தது. கூட்டுறவுச் சங்கங்களிலும் கடனைத் திருப்பிச் செலுத்தாமை, கணக்குக் குளறுபடி ஆகியவற்றால் நலிந்தவை நாடெங்கும் இருந்தன.

எனினும், பால் வகுத்த வரிசைமுறை இன்றும் இளைஞர் பணித் திட்டங்களில் காணப்படுகிறது: முதலில் ஊராரே தேவையைத் தெரிவு செய்தல், அடுத்து அவர்களால் இயன்ற சிறு தொகையைப் போடுதல், அதன் பின்னரே வெளியிலிருந்து கடனோ பயிற்சியோ பெறுதல், இறுதியாக வழிகாட்டி விலகிக் கொள்ளுதல். 1952 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட சமுதாய வளர்ச்சித் திட்டமும் 1969 இல் கல்லூரிகளில் அறிமுகமான நாட்டு நலப்பணித் திட்டமும் அரசின் பணத்தில் இயங்கியவை. பாலின் முயற்சியோ அரசுப் பணம் கிடைக்காத காலத்தில், கடனில் இருந்த உழவர்களின் பங்குத் தொகையைக் கொண்டு தொடங்கியதாகும்.