பேட்டரி தந்த பிளாண்டேயும் அப்பாவின் அம்பாசடரும்



ஆண்டு மலருக்கு ஒரு விஞ்ஞானியைப் பற்றி எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டபோது எடிசனைத்தான் மனதில் வைத்திருந்தேன். அவரைப் பற்றி எழுத நம்மில் நிறைய பேர் இருக்கிறார்கள். நான் கேஸ்டன் பிளாண்டேயைப் பற்றி எழுதுகிறேன். காரிலும் பஸ்ஸிலும் இருக்கிற ஈய-அமில பேட்டரியை உலகத்துக்குக் கொடுத்தவர். அவரை நான் தேடிப் போனதற்கு எங்கள் வீட்டில் நடந்த ஒரு சங்கடம்தான் காரணம்.

அப்பா வாடகைக் கார் ஓட்டுகிறார். பழைய அம்பாசடர், டீசல் வண்டி. பேட்டரி போய்விட்டது, புதுசு வாங்கணும். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான், அதுவும் எலக்ட்ரிக்கல் படிக்கிறவன். அதனால் என்னையும் கடைக்குக் கூட்டிப் போனார். கடைக்காரர் விலை குறைந்த ஒன்றை எடுத்து வைத்தார். நான் பந்தாவாக மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். 12.1 காட்டியது. 12 வோல்ட் இருக்கு, வாங்கலாம் என்று சொல்லிவிட்டேன். அப்பா மறுபேச்சு பேசவில்லை, பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

இரண்டே மாதம். தை மாசத்து முகூர்த்தம், விடியற்காலை 4 மணி சவாரி. சாவியைத் திருப்பினால் டக் டக் என்ற சத்தம் மட்டும்தான். தெருவில் தள்ளிப் பார்த்தோம், கிளம்பவில்லை. கல்யாண வீட்டுக்காரர்கள் வேறு வண்டி பிடித்துக்கொண்டு போனார்கள், அப்பா முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அப்புறம்தான் நூலகத்தில் உட்கார்ந்தேன்.

பிளாண்டே 1834 ஏப்ரல் 22 அன்று பிரான்ஸின் தெற்கே ஓர்தேஸ் என்ற ஊரில் பிறந்தார். (அவர் தம்பி ஃபிரான்சிஸ் பெரிய பியானோ கலைஞர். தன் 89-வது வயதில் இசைத்தட்டுக்கு வாசித்தவர்!) 20 வயதில் பாரிஸில் உள்ள கலை, தொழில் கல்விக்கூடம் ஒன்றில் இயற்பியல் உதவியாளராகச் சேர்ந்தார். நம் லேப் அட்டெண்டர் அண்ணன் செய்கிற மாதிரி வேலை என்று வைத்துக்கொள்ளுங்களேன். அடுத்த வருடமே பாரிஸுக்குப் பக்கத்தில் மெதோன் என்ற இடத்தில் பறக்க முடியாத ஒரு பெரிய ஆதிகாலப் பறவையின் எலும்பைக் கண்டெடுத்தார். அந்தப் பறவைக்கு இவர் பெயரையே வைத்து காஸ்டார்னிஸ் என்கிறார்கள். மின்சாரக்காரருக்கு எலும்பில் என்ன வேலை என்று எனக்கும் தோன்றியது. எதைப் பார்த்தாலும் தோண்டிப் பார்க்கிற ஆள் போலிருக்கிறது.

அந்தக் காலத்து மின்கலங்கள் எல்லாம் ஒரு தடவை தீர்ந்தால் மருந்தை மாற்றித்தான் ஆகணும். மின்சாரத்தைச் செலுத்தினால் சில உலோகத் தகடுகள் அதைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொண்டு திருப்பித் தருவதை அவர் கவனித்தார். செம்பு, வெள்ளி, தகரம், தங்கம், பிளாட்டினம் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில், மலிவான ஈயம்தான் எல்லாவற்றையும் ஜெயித்தது. 1859-ல், 25 வயதில், இரண்டு ஈயத் தகடுகளை நடுவில் துணி வைத்துப் பாய் மாதிரி சுருட்டி நீர்த்த கந்தக அமிலத்தில் இறக்கினார். திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றக்கூடிய முதல் பேட்டரி அதுதான். மறு வருடம் இப்படி ஒன்பது கலங்களைச் சேர்த்து பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் வைத்தார். அதே 1860-ல் உழைக்கிற மக்களுக்குப் பாடம் நடத்திய ஒரு சங்கத்தில் பேராசிரியர் ஆனார். அந்தச் சங்கத்தின் பெயரிலேயே பாலிடெக்னிக் இருக்கிறது நண்பர்களே!

அதற்குப் பிறகு அவர் பட்ட பாடுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. வெறும் ஈயத் தகடு அதிக மின்சாரத்தைப் பிடிக்காது. மேற்பரப்பு மட்டும்தான் வேலை செய்யும், உள்ளே இருக்கிற ஈயம் சும்மா கனம்தான். அதனால் சார்ஜ் ஏற்றி, இறக்கி, திசையை மாற்றி மறுபடி ஏற்றி, ஓய்வு கொடுத்து, மாதக்கணக்கில் தகட்டைப் பழக்கினார். ஒரு பக்கம் பஞ்சு மாதிரி ஈயமும் மறுபக்கம் பழுப்பு நிற ஈய டை ஆக்ஸைடும் உண்டாகி, மேற்பரப்பு பெருகிக்கொண்டே போனது. டைனமோ வசதியும் அப்போது கிடையாது, பழைய மின்கலங்களை வைத்தே இதற்கு சார்ஜ் ஏற்றணும்! 1881 வாக்கில் கமீல் ஃபோர் என்பவர் ஈய ஆக்ஸைடு பசையைத் தகட்டின் மேல் பூசி, மாதங்களை மணிகளாக்கினார். பேட்டரி தொழிற்சாலைக்குப் போனது அதற்குப் பிறகுதான்.

இதைப் படித்தபோதுதான் கடையில் நான் செய்த தப்பு ஒவ்வொன்றாகப் புரிந்தது. 12 வோல்ட் என்பது ஆறு கலங்கள் இருப்பதைச் சொல்கிறது, அவ்வளவுதான். முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் பேட்டரி 12.6-க்குக் குறையக் கூடாது. 12.1 என்றால் ஏறக்குறைய பாதி காலி. ரொம்ப நாள் அலமாரியில் கிடந்த சரக்கு அது. சார்ஜ் இல்லாமல் கிடந்தால் தகட்டில் ஈய சல்ஃபேட் கெட்டிப்பட்டு, பிளாண்டே பாடுபட்டு உண்டாக்கிய அந்த மேற்பரப்பே அடைபட்டுப் போகும். பெட்டியில் குத்தியிருக்கிற தயாரிப்பு மாதத்தை நான் கேட்கவே இல்லை.

இன்னொன்று, அது சின்ன பெட்ரோல் காருக்கான பேட்டரி. டீசல் இன்ஜினில் அழுத்தம் அதிகம், ஸ்டார்ட்டர் ஒரே இழுப்பில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கேட்கும், ஹீட்டர் பிளக் வேறு தன் பங்குக்கு இழுக்கும். அவ்வளவையும் சில விநாடிகளில் கொடுக்க மெல்லிய தகடுகள் நிறைய வேண்டும். பக்கத்து வீட்டு அண்ணன் அவர் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியை மாட்டிக்கொள்ளச் சொன்னார். அதில் தடித்த தகடுகள், நிதானமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதற்கு. காருக்கு அது சரிப்படாது. முனைகளும் பக்கம் மாறியிருந்தன. பாசிட்டிவ் கேபிளை இழுத்துப் பிடித்து மாட்டியதில் அது கிளாம்பில் உரசி உறை கிழிந்து கிடந்ததை அப்புறம்தான் பார்த்தேன். நல்லவேளை, தீப்பிடிக்கவில்லை.

பிளாண்டே 1889 மே 21 அன்று, 55 வயதில் காலமானார். காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது 1912-ல், கெட்டரிங் செய்த வேலையால். தன் பேட்டரி ஒரு காரைக் கிளப்புவதை பிளாண்டே பார்க்கவே இல்லை. ஆனால் அவர் பெயரில் இன்றும் பிளாண்டே கலங்கள் உண்டு. தடித்த ஈயத் தகட்டுடன், பல வருடம் உழைப்பதற்கென்று மின்நிலையங்களில் வைக்கிறார்கள்.

பங்குனியில் அப்பா மறுபடி பணம் சேர்த்தார். இந்தத் தடவை கடைக்குப் போகும் முன்பே வண்டியை வேறு பேட்டரியில் ஓடவிட்டு ஆல்டர்நேட்டரைச் சோதித்தேன். 14 வோல்ட்டுக்கு மேல் வந்தது, பெல்ட்டும் சரி. வண்டிக் கையேட்டில் உள்ள ஆம்பியர்-அவர், தட்டின் நீள அகலம், பாசிட்டிவ் முனை எந்தப் பக்கம், எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டேன். கடையில் முதலில் தயாரிப்பு மாதத்தைக் கேட்டேன், பிறகுதான் மீட்டரை எடுத்தேன். 12.7. அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டிய பிறகு பணத்தை எண்ண ஆரம்பித்தார்.

- இரண்டாம் ஆண்டு, மின்னியல் துறை