தங்கையை இழந்த மருத்துவர்

சுவா சூ காங்கில் உள்ள எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு கடிதம் ஐந்து மாதங்களாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வரும்படி 51 வயதான என் அம்மாவை அழைக்கும் கடிதம் அது. அதன்மேல் மின்கட்டண ரசீது வந்தது. பிறகு தம்பியின் தேர்வு அட்டவணை வந்தது. கடிதம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. உடம்புக்கு ஒன்றும் இல்லாதபோது எதற்காகப் போக வேண்டும் என்பது அம்மாவின் கேள்வி.

எங்கள் பாட்டியும் அப்படித்தான் இருந்தார். மார்பில் கட்டி இருப்பது தெரிந்தும் ஓராண்டுக்கு மேல் அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னபோது காலம் கடந்துவிட்டது. இன்றும் எங்கள் வீட்டில் அந்த நோயின் பெயரை யாரும் உரக்கச் சொல்வதில்லை.

இந்த ஆண்டு பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் பற்றிய ஒரு கட்டுரைக்காகத் தகவல் திரட்டியபோது, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கையைப் படித்தேன். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் என்று பலரும் அவரை அறிவார்கள். அவர் கொண்டுவந்த சட்டங்களும் தொடங்கிய நிலையங்களும் பெரும்பாலும் நோயைத் தடுப்பதற்காகவே என்பது எனக்குப் புதிய செய்தி.

வீட்டிலேயே படித்த சிறுமி

முத்துலட்சுமி 1886 ஜூலை 30ஆம் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். அப்போது அது மன்னராட்சியின்கீழ் இருந்த ஒரு சமஸ்தானம். தந்தை நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் குடும்பத்தைச் சேர்ந்தவர். கோவிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டிவிடும் வழக்கம் இருந்த சமூகம் அது. இந்தத் திருமணத்தால் தந்தையின் உறவினர்கள் அவரை ஒதுக்கிவைத்தனர்.

பருவம் அடைந்த பெண்கள் பள்ளிக்குப் போகக்கூடாது என்பது அக்கால வழக்கம். முத்துலட்சுமியின் பள்ளிப் படிப்பும் அப்படியே நின்றது. ஆனால், தந்தை அவரை வீட்டிலேயே படிக்க வைத்தார். 1902ல் அவர் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேர்ச்சி பெற்றார்.

அடுத்து எங்கே போவது என்பதுதான் சிக்கல். ஊரில் இருந்த கல்லூரி ஆண்களுக்கானது. ஒரு பெண்ணைச் சேர்த்தால் மாணவர்கள் கெட்டுவிடுவார்கள் என்று எதிர்ப்பு கிளம்பியது. இறுதியில் புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். அந்தக் கல்லூரியின் முதல் மாணவி முத்துலட்சுமி.

1907ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912ல் சிறப்புத் தகுதியுடன் பட்டம் பெற்றார். எழும்பூரில் உள்ள அரசாங்க மகப்பேறு மருத்துவமனையில் பணியாற்றி, அங்கு இல்ல மருத்துவராக இருந்த முதல் பெண் என்ற பெயரையும் பெற்றார். 1914ல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்துகொண்டார். தம் பணிகளுக்குக் குறுக்கே நிற்கக்கூடாது, தம்மைச் சமமாக நடத்த வேண்டும் என்பவை அவர் திருமணத்திற்கு விதித்த நிபந்தனைகள். கணவர் கடைசிவரை அதை மதித்தார்.

மருத்துவமனை வாசலுக்கு முன்னால்

பெண்களும் குழந்தைகளுமே அவரிடம் அதிகம் வந்தனர். பதின்ம வயது முடிவதற்குள் தாயானவர்கள், ஊட்டமில்லாத பிள்ளைகள், பாலியல் நோய்களால் அவதிப்பட்ட பெண்கள் ஆகியோருக்கு மருந்து கொடுத்து அனுப்பலாம். ஆனால், அவர்கள் திரும்பிப் போகும் வீடும் வழக்கமும் மாறாவிட்டால் அதே நோயுடன் மறுபடியும் வருவார்கள். சிறுவயதுத் திருமணத்துக்கு மருந்துக்கடையில் மருந்து இல்லையே!

1926ன் இறுதியில் அவர் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். 1927ல் உறுப்பினர்கள் ஒருமனதாக அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். மருத்துவர் ஒருவர் சட்டமன்றத்தில் உட்கார்ந்தால் என்ன கேட்பார் என்பதை அவருடைய கோரிக்கைகள் காட்டுகின்றன.

பள்ளி மாணவர்களுக்கு முறையான மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவ வசதி வேண்டும் என்றார். பெண்களின் திருமண வயதை உயர்த்த வேண்டும் என்று வாதிட்டார். 1929ல் நிறைவேறிய சாரதா சட்டம் பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்கும் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 எனக் குறைந்தபட்ச வயதை வகுத்தது. இன்று 14 வயது என்றால் உயர்நிலை இரண்டில் படிக்கும் பிள்ளை. அந்த வயதை எட்டவே அன்று ஒரு போராட்டம் தேவைப்பட்டது.

பெண்களைப் பாலியல் தொழிலில் தள்ளும் வணிகத்தை ஒடுக்கும் சட்டத்துக்காகவும் அவர் உழைத்தார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் கொண்டுவந்த முயற்சிக்குக் கடும் எதிர்ப்பு இருந்தது. தம் தாயாரின் சமூகத்துப் பெண்களின் துயரம் அது என்பதால் அவர் பின்வாங்கவில்லை. அந்த வழக்கத்தை முற்றாகத் தடைசெய்யும் சட்டம் 1947ல்தான் வந்தது. அதற்குள் 20 ஆண்டுகள் ஓடிவிட்டன.

1930ல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்துப் பதவியிலிருந்து விலகினார். ஏறக்குறைய அதே சமயத்தில், போக்கிடம் இல்லாத சில சிறுமிகள் அவருடைய வீட்டு வாசலுக்கு வந்தனர். அவர்களைத் தம் வீட்டிலேயே தங்கவைத்தார். அப்படித் தொடங்கியதுதான் சென்னை அடையாற்றில் இன்றும் இயங்கும் ஔவை இல்லம்.

31 ஆண்டுகள் காத்திருந்த கனவு

இவ்வளவுக்கும் நடுவே ஒரு துக்கம் அவருடனேயே இருந்தது. 1923ல் அவருடைய தங்கை சுந்தராம்பாள் மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். தாமே மருத்துவராக இருந்தும் முத்துலட்சுமியால் தங்கையின் வேதனையைப் பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடிந்தது. புற்றுநோய் என்றாலே மரணம் என்று மருத்துவர்களே நம்பிய காலம் அது.

அதன்பின் அவர் லண்டனுக்குச் சென்றபோது, அங்குள்ள புற்றுநோய் மருத்துவமனையிலும் பயிற்சி பெற்றார். 1935ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், தமிழகத்துக்கு ஒரு புற்றுநோய் மருத்துவமனை தேவை என்ற எண்ணத்தை வெளியிட்டார். உடனே எதுவும் நடக்கவில்லை. பிழைக்கமாட்டார்கள் எனக் கருதப்பட்ட நோயாளிகளுக்காகப் பணம் செலவழிக்க யாருக்கும் மனம் வரவில்லை.

1949ல் இந்திய மாதர் சங்கத்தின் மூலம் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கிப் பொதுமக்களிடம் கை நீட்டினார். 1952ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் தேதி அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. தங்கை இறந்து 31 ஆண்டுகள் ஆகியிருந்தன. முத்துலட்சுமிக்கு அப்போது 67 வயது.

அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி மருத்துவமனையை நடத்தினார். அடுத்த ஆண்டு அங்கு சேர்ந்த இளம் மருத்துவர் சாந்தா, 2021ல் மறையும்வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை. ஏழைகளுக்கு இலவசமாகவும் குறைந்த செலவிலும் சிகிச்சை அளிக்கும் அடையாறு புற்றுநோய் நிலையத்தின் பெயர் இங்குள்ள பல தமிழ்க் குடும்பங்களுக்கும் தெரிந்ததே.

1956ல் முத்துலட்சுமிக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. 1968 ஜூலை 22ஆம் தேதி அவர் காலமானார். தமிழகத்தில் ஏழைக் கர்ப்பிணிகளுக்கான மகப்பேறு உதவித் திட்டம் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

நம் கையில் இருப்பது

முத்துலட்சுமி கேட்டுப் போராடியவை சிங்கப்பூரில் நமக்குக் கேளாமலேயே கிடைக்கின்றன. தொடக்கப்பள்ளியில் தாதியர் வந்து கண்ணையும் பல்லையும் பார்த்தது நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். வகுப்பைவிட்டு வெளியே போகக் கிடைத்த வாய்ப்பு என்றுதான் அதை நினைத்து மகிழ்ந்தோம்.

2019ல் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி உயர்நிலைப் பள்ளி மாணவிகளுக்குப் பள்ளியிலேயே போடப்பட்டது. அப்போது நான் உயர்நிலை இரண்டில் இருந்தேன். கை வலித்ததும், தோழிகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றதும்தான் ஞாபகம். ஒரு புற்றுநோயை ஊசியால் தடுக்கலாம் என்று 1923ல் யாராவது சொல்லியிருந்தால், முத்துலட்சுமி என்ன நினைத்திருப்பார் என்று இப்போது யோசிக்கிறேன்.

அந்தத் தடுப்பூசிக்கான ஒப்புதல் படிவத்தில் அம்மா கையெழுத்திட ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. மகளுக்கு நோய் வருமுன் காக்க வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. தமக்கு வந்த கடிதத்துக்குத்தான் ஐந்து மாதங்கள்! நம் வீடுகளில் பல தாய்மார்கள் இப்படித்தான். பிள்ளைகளின் தடுப்பூசி, கணவரின் ரத்த அழுத்தம், மாமியாரின் நீரிழிவு மாத்திரை எல்லாம் நினைவில் இருக்கும். தம் பெயருக்கு வந்த கடிதம் மட்டும் காந்தத்தின்கீழ் காத்திருக்கும்.

சிங்கப்பூர்ப் பெண்களை அதிகம் பாதிப்பது மார்பகப் புற்றுநோய்தான். 50 வயது முதல் 69 வயதுவரை உள்ள பெண்கள் ஈராண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் பரிசோதனை செய்துகொள்ள ஊக்குவிக்கப்படுகிறார்கள். கட்டி கைக்குத் தென்படும் முன்பே அதைப் படத்தில் கண்டுபிடிக்க முடியும் என்பதே அதன் பயன். உடம்புக்கு ஒன்றும் இல்லாதபோது எதற்கு என்ற அம்மாவின் கேள்விக்குப் பதிலும் அதுதான்.

ஒரு சனிக்கிழமை காலை, முத்துலட்சுமியின் தங்கையைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு பாட்டியைப் பற்றிப் பேசினார். அந்த நோயின் பெயரையும் சொன்னார். அன்று மாலை நாங்கள் இருவரும் சேர்ந்து கைப்பேசியில் நாள் குறித்தோம்.

நானும் உடன் சென்றேன். எங்கள் பேருந்துப் பயணம் பிடித்த நேரம்கூடப் பரிசோதனைக்குப் பிடிக்கவில்லை. சில வாரங்களில் கவலைப்பட ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. அம்மா இப்போது சின்னம்மாவை விரட்டிக்கொண்டிருக்கிறார்.

நம்மில் பெரும்பாலோர் சட்டமன்றத்துக்குப் போகப்போவதில்லை, மருத்துவமனை கட்டப்போவதுமில்லை. ஆனால், இன்று வீட்டுக்குப் போனதும் குளிர்பதனப் பெட்டியின் கதவை ஒருமுறை பார்க்கலாம். அங்கே ஒரு கடிதம் இருந்தால், அதை எடுத்து உரியவரின் கையில் கொடுத்து, அருகில் உட்கார்ந்து நாள் குறிக்க உதவலாம்.