வெளிச்சத்தைக் குறைக்கக் கற்றவர்



பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க நாம எல்லாரும் ஸ்டூடியோவுக்குப் போயிருப்போம். இரண்டு பக்கமும் விளக்கு எரியும். முகத்தில் நிழலே விழாது. ஆனால் ஸ்டூடியோவில் மின்விளக்கே இல்லாத காலத்தில், வெறும் சூரிய வெளிச்சத்தை வைத்து உலகப் புகழ்பெற்ற படங்களை எடுத்தார் ஒரு அம்மா. அவர்தான் ஜூலியா மார்கரெட் கேமரன்.

இவர் 1815 ஜூன் 11 அன்று கல்கத்தாவில் பிறந்தார். 1838-ல் சார்லஸ் ஹே கேமரனை மணந்தார். 1848-ல் குடும்பத்தோடு இங்கிலாந்து போனார். பிறகு வைட் தீவில் குடியேறினார். 1863 டிசம்பரில் மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். அப்போது இவருக்கு வயசு 48! போட்டோ எடுக்கும் முறை எதுவுமே தெரியாது.

அதுக்காக சும்மா இருந்தாரா? இல்லை. கரி போடும் அறை இருட்டறை ஆனது. கண்ணாடி வைத்த கோழிக்கூடு ஸ்டூடியோ ஆனது. அந்தக் காலத்தில் ஃபிலிம் கிடையாது. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காய்வதற்குள் படமெடுத்துக் கழுவ வேண்டும். முதல் படத்தை இவரே தெரியாமல் கையால் தேய்த்து அழித்துவிட்டார். 1864 ஜனவரியில்தான் ஒரு சிறுமியின் படம் நன்றாக வந்தது.

கண்ணாடிக் கூட்டில் எல்லாப் பக்கமும் வெளிச்சம் வரும். அப்படி வந்தால் முகம் தட்டையாகத்தான் தெரியும். அதனால் ஜூலியா வெளிச்சத்தைத் தடுக்கப் பழகினார். ஒரு பக்கத்து வெளிச்சம் மட்டும் முகத்தில் விழும். மறுபக்கம் நிழல். பின்னால் கருப்பு. 1867-ல் விஞ்ஞானி ஜான் ஹெர்ஷலைப் படமெடுத்தபோது, நரைமுடியில் வெளிச்சம் நன்றாகப் பிடிக்க வேண்டும் என்று அவரைத் தலைகுளிக்கச் சொன்னாராம்! 1868-ல் சார்லஸ் டார்வினையும் படமெடுத்தார்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருந்தது. வெளிச்சம் குறைந்தால் நேரம் கூடும். எதிரே இருப்பவர் நிமிடக்கணக்கில் ஆடாமல் உட்கார வேண்டும். கொஞ்சம் அசைந்தாலும் படம் மங்கிவிடும். இவருக்கு ஃபோகஸ்கூட சரியாகப் பண்ணத் தெரியவில்லை என்று போட்டோக்காரர்கள் கேலி செய்தார்கள். நினைத்திருந்தால் திரையை விலக்கி, மற்றவர்கள் மாதிரியே பளிச்சென்று எடுத்திருக்கலாம். இவர் மாறவில்லை. முகத்தின் தெளிவைவிட அந்த மனிதரின் மனசு படத்தில் தெரிவதே முக்கியம் என்று நினைத்தார்.

1875-ல் கணவரோடு இலங்கை சென்றார். 1879 ஜனவரி 26-ல் அங்கேயே காலமானார். மலையகத்தில் பொகவந்தலாவை தேவாலயத்தில் இவரது கல்லறை இருக்கிறது.

நண்பர்களே! இன்று மதியம் ஒரு வேலை செய்து பாருங்க. வகுப்பில் ஒரு ஜன்னலை மட்டும் திறந்து வைத்து, பக்கத்தில் உங்கள் தோழனை உட்கார வையுங்க. மற்ற ஜன்னல்களை மூடிவிட்டு அவன் முகத்தைப் பாருங்க. தினமும் பார்க்கும் முகம்தான். ஆனால் புதுசாகத் தெரியும்!

தொகுப்பு: 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு